அறளையன்று, சன்னி!

யாழ்ப்பாணத்தார் வழங்கும் சொற்களுள் "அறளை பெயர்தல்" என்பது ஒன்று. முதுமையில் அறிவு தடுமாறுவதையே நம்மவர் இவ்வாறு கூறுவர். எழுபதைக் கடந்த ஒருவர் பேரப்பிள்ளையின் பெயரை மாற்றி அழைத்தாலும், உண்டதை மறந்து மீண்டும் சோறு கேட்டாலும், "ஆச்சிக்கு அறளை பேர்ந்துபோச்சு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர். சொல் கிடைத்ததும் கேள்வி நின்றுவிடுகின்றது. அறளைக்கு மருந்தில்லை என்பது ஊரார் துணிபு. ஆகவே வைத்தியரைத் தேடும் வேலையும் இல்லாமற் போகின்றது. ஆனால், இவ்வாறு அறளை என்று ஒதுக்கப்படுவோருள் ஒரு சாரார் உண்மையில் அறளை பெயர்ந்தவர் அல்லர். அவர்தம் உடலில் வேறொரு நோய் மறைந்திருந்து மூளையைக் கலக்குகின்றது. அந்நோயைக் கண்டு மாற்றினால் கலக்கமும் பெரும்பாலும் மாறும். இதனை நேயர்களுக்கு, சிறப்பாகக் கடல் சூழ்ந்த நம் தீவுப் பகுதி வீடுகளில் முதியோரைப் பேணுவோருக்கு, எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இக்கலக்கத்திற்கு நம் முன்னோர் இட்ட பெயர் சன்னி. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றும் ஒருங்கே கெட்டு உண்டாவது என்னும் கருத்தில் அதனைச் சன்னிபாதம் என்றனர். பதின்மூன்று வகையாகப் பகுத்தும் உரைத்தனர். செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் அரசர் காலத்திலேயே எழுந்த நாடு நமது நாடு. எனவே சன்னி என்ற சொல் நம் பாட்டிமார்க்குப் புதியதன்று. தென்னிலங்கைச் சிங்கள மக்களிடத்தும் அச்சொல் உண்டு. பதினெட்டுச் சன்னிகளுக்குரிய முகமூடிகளை அணிந்து ஆடும் சடங்கு அவர்களுடையது. மேனாட்டு வைத்தியர் இதனை டெலிரியம் என்பர். அஃது இலத்தீன் மொழிச் சொல். உழுசாலை விட்டு விலகுதல் என்பது அதன் வேர்ப்பொருள். நேரே சென்றுகொண்டிருந்த ஏர், சாலை விட்டுத் திடீரென அயலே இழுபட்டாற் போன்றது மனத்தின் நிலை என்று அவர்கள் கண்டனர். பிரசவத்தின் பின் வரும் வலிப்பையும் வேறு சில நோய்களையுங்கூடச் சன்னி என்று நம் ஊரில் வழங்குவதுண்டு. இங்கே நாம் அச்சொல்லைத் திடீரெனத் தோன்றும் அறிவுக் கலக்கம் ஒன்றற்கே கொள்கின்றோம்.

அறளைக்கும் சன்னிக்கும் உள்ள வேறுபாடு யாது? முதலாவது, காலம். அறளை மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் மெல்ல மெல்ல வருவது. எந்த நாளில் தொடங்கியது என்று எவராலும் சொல்ல இயலாது. சன்னியோ மணிக்கணக்கில் அல்லது ஓரிரு நாளில் வந்துவிடும். "செவ்வாய்க்கிழமை நன்றாக இருந்தார், வியாழக்கிழமை இப்படி ஆனார்" என்று வீட்டார் நாட்குறித்துச் சொல்லக்கூடுமாயின் அஃது அறளையன்று. இரண்டாவது, ஏற்ற இறக்கம். சன்னி கண்டவர் காலையில் தெளிவாகப் பேசுவார். பொழுது சாயக் குழம்புவார். நள்ளிரவில் எழுந்து புறப்படுவார். மறுநாட் காலையில் மீண்டும் தெளிவார். காலையில் மாத்திரம் வந்து பார்த்துச் செல்பவர் "ஒன்றுமில்லையே" என்று கூறுவது இதனாலேதான். மூன்றாவது, கவனம். அறளையின் தொடக்கத்தில் மறதி மிகும். ஆயினும் நாம் பேசுவதைக் கூர்ந்து கேட்பார்கள். சன்னியிலோ கவனம் ஓரிடத்தில் நில்லாது. ஒரு கேள்வியைக் கேட்டு முடிக்குமுன் கண்கள் வேறெங்கோ சென்றுவிடும்.

இவ்வுண்மைகளையே 1990ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் ஷரன் இனோவே என்னும் அம்மையாரும் அவருடன் பணிபுரிந்தோரும் ஓர் எளிய முறையாக வகுத்தனர். திடீரெனத் தோன்றி ஏறியிறங்கும் மாற்றம், கவனமின்மை ஆகிய இரண்டும் இருத்தல் வேண்டும். அவற்றுடன் தொடர்பற்ற சிந்தனையாவது விழிப்புநிலையில் மாறுபாடாவது இருத்தல் வேண்டும். அங்ஙனமாயின் அது சன்னியே என்பது அம்முறை. 2011ஆம் ஆண்டளவில் ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரில் வகுக்கப்பட்ட மற்றொரு சோதனையில் நோயாளியின் விழிப்பு நோக்கப்படும். வயது, பிறந்த திகதி, இருக்கும் இடம், நிகழும் ஆண்டு ஆகிய நான்கும் கேட்கப்படும். மாதங்களின் பெயர்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லச் செய்வர். மாற்றம் திடீரென வந்ததா என்று வீட்டாரைக் கேட்பர். இரண்டொரு நிமிடத்தில் இது முடிந்துவிடும். பள்ளிக்கூடம் அதிகம் சென்றிராத நம் ஆச்சிமாரிடம் கிழமைகளைத் திருப்பிச் சொல்லுமாறு கேட்கலாம். சனி, வெள்ளி, வியாழன் என்று தொடங்கி ஞாயிறுவரை வந்துவிடுவாராயின் கவனம் ஓரளவு நிலைத்திருக்கின்றது எனலாம். நேற்றுவரை விரத நாட்களை விரல்விட்டு எண்ணியவர் வெள்ளியில் நின்று தடுமாறினால் அதனைச் சிறிதாக எண்ணலாகாது. இஃது ஐயம் எழுப்பும் கருவி. தீர்ப்புக் கூறும் உரிமை வைத்தியருடையது.

சன்னி என்றவுடன் கட்டிலை விட்டுப் பாய்வதும், கத்துவதும், இல்லாத பாம்பைக் காட்டி அஞ்சுவதுமே நம் நினைவுக்கு வருகின்றன. இஃது அதன் ஒரு முகம். மற்றொரு முகம் மிக அமைதியானது. நோயாளி பகலெல்லாம் உறங்குவார்; அழைத்தால் மெல்லக் கண்திறந்து மூடுவார்; உணவை வாயில் வைத்தபடியே இருப்பார்; எவரையும் தொந்தரவு செய்யார். பிறருக்குத் தொல்லை இல்லாமையால் இம்முகமே பெரிதும் கவனிக்கப்படாமற் போகின்றது. இரண்டும் ஒருவரிடத்தே மாறிமாறி வருவதும் உண்டு. அமைதி கண்டு மகிழ்வதற்குமுன் அது நலத்தின் அமைதியா, நோயின் அமைதியா என்று ஆராய்தல் நம் கடன்.

இனி, காரணங்களைப் பார்ப்போம். முதியோருக்குச் சிறுநீர்த் தொற்றோ நெஞ்சுச்சளித் தொற்றோ வந்தால் காய்ச்சலும் வலியும் இல்லாமலே அறிவுக் கலக்கம் மாத்திரம் முதலில் தோன்றக்கூடும். உடலில் நீர் வற்றுதல் மற்றொரு காரணம். கோடையில் நல்ல தண்ணீருக்கு முட்டுப்படும் நெடுந்தீவு போன்ற இடங்களில், வீட்டாருக்குச் சுமையாகலாகாதென்று முதியோர் தாமே குறைத்துக் குடிக்கின்றனர். இரவில் எழும்பி வெளியே செல்ல அஞ்சி மாலைக்குப்பின் நீரைத் தொடாதவரும் உளர். மலச்சிக்கல், சிறுநீர் அடைத்துக்கொள்ளல், இரத்தத்தில் உப்பு குறைதல், சீனி மிகுதல் அல்லது குறைதல், இடுப்பெலும்பு முறிவு, சத்திரசிகிச்சை, தூக்கமின்மை, ஆற்றப்படாத வலி ஆகிய யாவும் சன்னிக்கு வழியாகலாம். நீரிழிவுக்கு மருந்தெடுப்பவர் திடீரெனக் குழம்பினால் முதலிற் சீனியின் அளவையே பார்த்தல் வேண்டும். விழிப்பாக இருந்து விழுங்கக் கூடியவராயின் இனிப்பு நீர் கொடுத்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். அளவு குறைந்த சீனி காத்திருக்காது.

மருந்தே நோயாவதும் உண்டு. ஊமத்தங்காயைத் தின்றவன் பித்துக்கொண்டவன்போல் ஆவான் என்பது நாட்டுப்புறத்தார் யாவரும் அறிந்தது. உடலிலுள்ள ஒருவகை நரம்புச் செய்தியை அக்காயிலுள்ள நஞ்சு தடுப்பதாலேயே அது நிகழ்கின்றது. சளிக்கும் கடிக்கும் நாம் கடையில் வாங்கும் பிரிற்றன் குளிசையும் சிறிய அளவில் அவ்வகைச் செயலே செய்யவல்லது. இளைஞருக்குத் தூக்கத்தை மாத்திரம் தரும் அக்குளிசை, தளர்ந்த மூளையைக் கலக்கிவிடக்கூடும். தூக்கக் குளிசைகளும் சில மன அமைதிக் குளிசைகளும் அத்தன்மையனவே. எனவே வைத்தியரிடம் செல்லும்போது வீட்டிலுள்ள குளிசைகள் அனைத்தையும், அயல்வீட்டார் கொடுத்தவை உட்பட, ஒரு பையில் இட்டுக் கொண்டுபோதல் நன்று.

நம் குடும்பத்திலே நிகழ்ந்த ஒன்றை இங்கே கூறுதல் பொருந்தும். நமது பெரியதாயார் நெடுந்தீவில் வாழ்ந்தவர். அப்போது வயது எண்பத்தொன்று. பிள்ளைகளுள் ஒருவர் ரொறன்ரோவிலும் ஒருவர் பாரிசிலும் இருக்க, மூத்த மகனும் மருமகளுமே உடனிருந்து பார்த்தனர். பேரப்பிள்ளைகள் அனைவருடைய நட்சத்திரமும் அவர் நாவில் இருக்கும். சோளகக் காற்று வீசிய ஓர் ஆடி மாதத்தில், மாலை வேளையில், இறந்து நாற்பது ஆண்டுகளான தம் தாயாரைத் தேடத் தொடங்கினார். இரவாகவே, கஞ்சி கொடுத்த மருமகளைக் காட்டி, "இவள் கஞ்சிக்குள்ளை நஞ்சு போட்டிட்டாள்" என்று அயலெல்லாம் கேட்கக் கூவினார். காலையில் அவரே அம்மருமகளிடம் தேநீர் வாங்கிக் குடித்தார். மறுநாள் மாலை மீண்டும் அதே கூச்சல்.

அயலவர் இரு பகுதியாயினர். ஒரு பகுதியார் அறளை என்றனர். மற்றப் பகுதியார் குரலைத் தாழ்த்தி, "ஒண்டும் இல்லாமல் கிழவி அப்பிடிச் சொல்லுமோ?" என்றனர். வேலிக்கு வேலி அச்சொல் நடந்தது. எவரும் அந்நேரத்தில் அழுதுகொண்டு ஒதுங்கியிருப்பர். ஆனால் பழிக்கப்பட்ட அம்மருமகளே உண்மையை முதலிற் கண்டவர். "மூண்டு நாளுக்கு முன்னம் என்ரை மூத்தவனுக்கு நட்சத்திரப் பலன் சொன்னவ. மூண்டு நாளிலை ஆருக்கும் அறளை பேராது. மாமி நேற்றுத் தொட்டு வடிவாய்ச் சலம் போகவுமில்லை, தண்ணி குடிக்கவுமில்லை" என்றார் அவர். இத்தனை தெளிவான நோய்க்குறிப்பை வைத்தியரும் விரும்பி வரவேற்பர். உறவினர் ஒருவர் பார்வை பார்ப்பித்து நூல் கட்ட வேண்டும் என்றார். மருமகள் அதனை மறுக்கவில்லை. "நூலையும் கட்டுவம், ஆசுப்பத்திரிக்கும் போவம்" என்றார். திருநீறு நெற்றியிலிருக்க, பெரியதாயார் உள்ளூர் வைத்தியசாலைக்குச் சென்றார். சிறுநீர்த் தொற்றும் நீர் வற்றலும் கண்டு மருந்து தொடங்கினர். கடிக்கு அவர் உட்கொண்டுவந்த குளிசையை நிறுத்தினர்.

இரண்டாம் நாள் கூச்சல் அடங்கியது. பெரியதாயார் பகல் முழுவதும் உறங்கினார். பார்க்க வந்தோர் "அம்மாளாச்சி கண் திறந்திட்டா" என்று மகிழ்ந்தனர். பணியிலிருந்த இளந்தாதி ஒருவர் மாத்திரம் மகிழவில்லை. அவர் அருகிற் சென்று அழைத்தார்; கைவிரலை அழுத்தச் சொன்னார்; கிழமையைக் கேட்டார். விடை வரவில்லை. "இது சுகம் இல்லை, மற்றப் பக்கம் திரும்பியிருக்கு" என்று வைத்தியருக்கு அறிவித்தார். இரத்தத்தில் உப்பு குறைந்திருக்கலாம் என்று ஐயுற்ற வைத்தியர், அன்று பிற்பகலே கடல் கடந்து யாழ்ப்பாணம் அனுப்பத் துணிந்தார். குறிகட்டுவான் துறைவரை ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல். சோளகக் காலத்து அலை. எண்பது கடந்தவரை அலையிலே கொண்டுபோவதா, வீட்டில் அமைதியாகக் கண்மூட விடுவதா என்று குடும்பத்துள் எழுந்த கேள்வியை நாம் மறைக்க வேண்டியதில்லை. தீவிலே பிறந்த ஒவ்வொரு குடும்பமும் ஒருநாள் அக்கேள்வியைச் சந்திக்கின்றது. மாற்றக்கூடிய நோய் என்று வைத்தியர் கூறிய ஒரு சொல்லே நம்மைப் படகேற்றியது.

நகரத்து வைத்தியசாலையில் உப்பின் குறைவு உறுதிப்பட்டது. அதனை மெல்ல மெல்ல ஈடுசெய்தனர். இரவில் மருமகளும் பகலில் நாமுமாக முறை வைத்து அருகிருந்தோம். அவருடைய மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிவித்தோம். "பெரியம்மா, கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்திருக்கிறம், இண்டைக்கு வெள்ளிக்கிழமை, விடிஞ்சு எட்டு மணி" என்று ஒவ்வொரு முறையும் முகத்தின் முன் நின்று சொன்னோம். ஓரிரவில், கடல் அறைக்குள் ஏறி வருகின்றது என்று அவர் அலறினார். "கடலுமில்லை, கிடலுமில்லை" என்று மறுத்தால் அச்சம் மிகும். "ஓம், வருகுது" என்று உடன்பட்டாலும் அச்சம் மிகும். மருமகள் கையைப் பற்றிக்கொண்டு, "பயமாய் இருக்கோ மாமி? நான் பக்கத்திலை இருக்கிறன், ஒண்டும் செய்யாது" என்றார். அச்சம் மெய், கடல் மாத்திரமே பொய். மெய்யானதற்கு விடை கூறினால் போதும் என்பதை அவரிடமே நாம் கற்றோம்.

ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் பிள்ளைகள் தொலைபேசித் திரையிலே தோன்றினர். அன்பினாற் செய்ததே, ஆனால், ஒரே வேளையில் பல முகங்கள் திரையிலே பேசக் கண்டு பெரியதாயார் மேலும் மிரண்டார். பின்னர் பகலில், ஒருவர் மாத்திரம், திரையின்றிக் குரலால் இரண்டு நிமிடம் பேசுவது என்று ஒழுங்கு செய்தோம். மகனின் குரல் கேட்டு அவர் முகம் மலர்ந்ததையும் கண்டோம். ஒன்பதாம் நாள் கிழமைகளைத் திருப்பிச் சொன்னார். பழைய சுறுசுறுப்பு வர மேலும் இரண்டு மாதம் சென்றது.

வீடு திரும்பிய சில நாட்களின் பின் அவர் மருமகளை அழைத்து, "பிள்ளை, நான் உன்னை ஏதும் சொன்னனானோ?" என்று கேட்டார். அரைகுறையாக நினைவு இருந்தது போலும். மருமகள், "காய்ச்சல் சொன்னது மாமி, நீங்கள் சொல்லேல்லை" என்றார். அதற்குமேல் அவ்வீட்டில் அதுபற்றிப் பேச்சில்லை.

இவ்விடத்தில் ஊராருக்கு ஒரு வேண்டுகோள். சன்னியிற் பிறந்த சொல்லுக்குச் சாட்சி மதிப்பு இல்லை. அஃது உள்ளத்தில் ஒளித்து வைத்திருந்த உண்மையும் அன்று. மூளை பசியாலும் நஞ்சாலும் கலங்குகையில், மிக நெருங்கி நிற்பவரே அதன் கண்ணுக்குப் பகைவராகத் தோன்றுகின்றார். கஞ்சி கொடுப்பவரே நஞ்சு கொடுப்பவராகத் தோன்றுவதன் காரணம், கஞ்சி கொடுக்க வேறெவரும் அங்கு இல்லை என்பதேயாம். அச்சொல்லை வேலி கடத்துவோர் பேணும் கையையே முறிக்கின்றனர். இன்னொன்று: இந்நிலையிலுள்ளவரைக் கொண்டு காணி உறுதியிலோ மரண சாதனத்திலோ கையொப்பம் இடுவித்தல் முறையன்று. தெளிந்த மனமின்றி எழுதப்பட்ட சாதனம் வழக்கிற்கு விதையாகும். தெளியும்வரை பேனையை எடுத்து வையுங்கள்.

தெளிந்தபின் நோயாளிக்கு எல்லாம் மறந்துவிடும் என்று கருதுதலும் சரியன்று. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புற்றுநோயாளரிடையே வெளியான ஓர் ஆய்வில், சன்னி நீங்கியோரிற் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் அதனை நினைவிற் கொண்டிருந்தனர். உடனிருந்த வாழ்க்கைத் துணைவர் பட்ட துயரம் நோயாளரின் துயரத்தினும் மிகுதி என்பதும் அவ்வாய்வில் வெளிப்பட்டது. ஆகவே, நோய் தீர்ந்தபின் நகைப்புக்காக அக்கதையை எடுத்துச் சொல்லாதிருத்தலும், நோயாளி கேட்டால் உண்மையை மென்மையாகச் சொல்லுதலும், உடனிருந்தவரை ஓய்வுகொள்ள விடுதலும் பணியின் பகுதிகளே.

சன்னியை வருமுன் காத்தல் இயலுமா? இயலும் என்பதற்கு 1999ஆம் ஆண்டில் வெளிவந்த இனோவே அம்மையார் குழுவினரின் ஆய்வு சான்று. அமெரிக்க வைத்தியசாலை ஒன்றில் எழுபதும் அதற்கு மேலும் வயதான 852 பேர் அதிற் சேர்க்கப்பட்டனர். வழக்கமான கவனிப்புப் பெற்றோரில் நூற்றுக்குப் 15 பேருக்குச் சன்னி கண்டது. சிறப்புக் கவனிப்புப் பெற்றோரில் அது 9.9 ஆகக் குறைந்தது. அச்சிறப்புக் கவனிப்பு விலையுயர்ந்த மருந்தன்று. இடத்தையும் நாளையும் நினைவூட்டிப் பேசுதல், எழுப்பி நடக்கச் செய்தல், கண்ணாடியும் செவிக்கருவியும் அணிவித்தல், நீர் பருகச் செய்தல், இரவில் தூக்கக் குளிசைக்குப் பதிலாகச் சூடான பானம் கொடுத்து முதுகை நீவிவிடுதல் ஆகியனவே. நம் ஆச்சிமார் மல்லித் தேநீர் வைத்துக் கொடுத்து முதுகு தடவியது வேறு யாது? ஆனால், சன்னி வந்தபின் இக்கவனிப்பு அதன் கடுமையைக் குறைத்ததாக அவ்வாய்வு காட்டவில்லை. ஆதலின் முதியவர் வைத்தியசாலையிற் சேர்ந்த முதல் நாளே இவற்றைத் தொடங்குதல் வேண்டும்.

செய்யத்தகாதனவும் சில உண்டு. கைகால்களைக் கட்டிலோடு கட்டுமாறு கேட்கலாகாது. கட்டினால் நோயாளி தம்மைச் சிறையிட்டதாகவே எண்ணி மேலும் போராடுவார். "ஒரு தூக்க மருந்து போட்டுவிடுங்கள்" என்று தாதிமாரை நெருக்கலாகாது. நோயாளிக்கோ பிறருக்கோ தீங்கு நேருமிடத்து வைத்தியர் தாமே ஆராய்ந்து சிறிதளவு மருந்து கொடுப்பர். கட்டிலைச் சூழ்ந்து பத்துப்பேர் நின்று "என்னைத் தெரியுதோ? நான் ஆர் சொல்லுங்கோ பார்ப்பம்" என்று பரீட்சை வைக்கலாகாது. பகலில் வெளிச்சமும் இரவில் சிறு விளக்கும் இருத்தல் நன்று.

குடியினால் வரும் சன்னி தனியாகச் சொல்லத்தக்கது. நாள்தோறும் சாராயமோ கள்ளோ மிகுதியாகக் குடித்தவர், கால் முறிந்தோ காய்ச்சலிலோ படுத்துத் திடீரெனக் குடியை நிறுத்தினால், இரண்டு முதல் நான்கு நாட்களுள் நடுக்கமும் வியர்வையும் பூச்சி புழு தெரிதலும் உண்டாகலாம். 1813ஆம் ஆண்டில் ஆங்கில வைத்தியர் தோமஸ் சட்டன் இதற்கு நடுக்கச் சன்னி என்னும் பொருள்பட இலத்தீன் மொழியிற் பெயரிட்டார். இஃது உயிர்கொல்லும். வீட்டில் வைத்துப் பார்க்கத்தக்கதன்று. குடிப்பழக்கத்தை வைத்தியரிடம் மறைப்பது மானத்தைக் காப்பதாகாது. உயிரை இழப்பதாகவே முடியும்.

நோயாளியின் தாய்மொழி பற்றியும் ஒரு சொல். 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழிற் பெயர்ப்பித்தார். நோயும் மருந்தும் மக்கள் மொழியிற் பேசப்படவேண்டும் என்பது அவர் கொள்கை. சன்னி கண்டவரிடத்து அக்கொள்கையின் உண்மை நன்கு விளங்கும். கலங்கிய மனத்திற்குப் பிற்காலத்திற் கற்ற மொழி எளிதில் எட்டாது; பிறந்த வீட்டுப் பேச்சே எட்டும். இன்று நம் தீவு முதியோர் பலர் ரொறன்ரோவிலும் பாரிசிலும் வைத்தியசாலைக் கட்டில்களிற் கிடக்கின்றனர். அவர்கள் பிதற்றுகின்றனரா, தண்ணீர் கேட்கின்றனரா என்பதைத் தமிழறியாத தாதி எங்ஙனம் அறிவார்? அங்குள்ள பிள்ளைகள், "எங்கள் தாயார் இப்படிப் பேசுபவர் அல்லர், இம்மாற்றம் நேற்று மாலை தொடங்கியது" என்று எடுத்துரைத்தால் அதுவே நோயறியும் முதற்படி.

நிறைவாக, தீவினருக்கே உரிய ஓர் எச்சரிக்கை. சன்னி பொழுதுபட மிகும். படகு பொழுதுபட நிற்கும். "இரவு பார்த்துச் செய்வோம்" என்று நிலத்திலுள்ளோர் சொல்லலாம், கடலுக்கப்பாலுள்ளோர் சொல்லலாகாது. முதல் நாட் பிற்பகலிலே ஐயம் எழுந்தால் அப்பிற்பகலிலேயே உள்ளூர் வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். அவசர வேளைகளில் கடற்படைப் படகில் நோயாளரை அக்கரை சேர்ப்பதும் உண்டு. அக்கரையில் 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். 2016இல் தென்னிலங்கையில் தொடங்கிய அச்சேவை 2018இல் வடக்கிற்கும் வந்தது. ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குச் செல்வோரும் இதனை மனங்கொள்க. வெயிலில் நின்ற முதியவர் ஒருவர் நிலைதடுமாறிப் பேசினால் அதனை அருள் வந்ததாக எண்ணி விலகி நில்லாது, நிழலிற் கிடத்தி உடலைக் குளிர்வித்து உதவியாளரை அழைத்தல் வேண்டும்.

சன்னி கண்ட யாவரும் பிழைத்தெழுவர் என்று நாம் கூறவில்லை. பலர் சில நாளிலோ வாரத்திலோ தெளிவர். சிலருக்கு மாதங்கள் செல்லும். சிலர் பழைய நிலையை முற்றாக அடையார். ஆனால், காரணத்தைத் தேடாதவிடத்து அவர்களுள் எவர் தெளியக்கூடியவர் என்பதே தெரியாமற் போய்விடும். அடுத்த முறை நம் அயல் விறாந்தையில் எவரேனும் "ஆச்சிக்கு அறளை பேர்ந்துபோச்சு" என்று சொல்லக் கேட்டால், நாம் ஒரு கேள்வியைக் கேட்போமாக: "எண்டையிலை இருந்து?" நேற்றிலிருந்து என்பது விடையாயின், படகு புறப்படுமுன் எழுவோமாக.